துருவ ஒளியைத் தேடி அபிஸ்கோவுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே சுமார் 200 கி.மீ. தள்ளி, நூறு பேர் அளவில் வாழும் கிராமம் அபிஸ்கோ. அங்கே போய், இரவு வானில் நிறம் நிறமாக ஆடும் துருவ ஒளியை (அரோரா) பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நார்வேயின் ட்ரோம்சோ, பின்லாந்தின் ரோவனியேமி என்று வசதியான நகரங்கள் இருக்கும்போது இந்தச் சின்ன ஊருக்கு ஏன் போக வேண்டும்? – திருச்சி வாசகி

மேகத்துக்காக. துருவ ஒளி தரையிலிருந்து 100 கி.மீ.க்கு மேலே நடக்கும் விஷயம். மேகமோ அதற்கு வெகு கீழே. மேலே எவ்வளவு பெரிய கூத்து நடந்தாலும் நடுவில் மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. துருவ ஒளியைத் தூண்டுவது சூரியன். ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சூரியன் அல்ல, மேகம்தான்.

அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நார்வே எல்லை மலைகளில் ஏறும்போதே பனியைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது காற்று காய்ந்துபோகிறது. அந்த மழை மறைவுப் பகுதியில்தான் அபிஸ்கோ இருக்கிறது. ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே ஏறக்குறைய 300 மி.மீ.தான், ஸ்வீடனிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று. 70 கி.மீ. நீளமுள்ள தோர்னெத்ரெஸ்க் ஏரி ஊருக்கு வடக்கே கிடக்கிறது. அதன் மேல் வானம் மட்டும் மேகமில்லாமல் தெளிந்து கிடப்பதை ‘அபிஸ்கோவின் நீலத் துளை’ என்பார்கள்.

இது உத்தரவாதம் அல்ல. மேற்குக் காற்று வீசும்போதுதான் மலை காப்பாற்றும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் அபிஸ்கோவும் மூடிக்கொள்ளும். ட்ரோம்சோ கடலோர ஊர். அங்கே வழிகாட்டிகள் மேகமில்லாத வானம் தேடி வேனில் மணிக்கணக்காக ஓட்டுவார்கள். சில இரவுகளில் எல்லை தாண்டி பின்லாந்து வரைகூடப் போவார்கள். ரோவனியேமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியே இருப்பதால் ஒளி வளையத்துக்கு, அதாவது துருவத்தைச் சுற்றி ஒளி அதிகம் தோன்றும் பட்டைக்கு, சற்றுத் தெற்கே தள்ளியிருக்கிறது. ஊர் வெளிச்சமும் அதிகம். அபிஸ்கோவில் விடுதிக் கதவைத் திறந்து இருநூறு அடி நடந்தால் போதும்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பர் கடைசியில் போகலாம் என்று நினைக்கிறோம். சரியான நேரமா? – கோவை வாசகர்

வேறு வழியே இல்லை என்றால் போங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் டிசம்பர் வேண்டாம்.

அங்கே டிசம்பர் முதல் வாரம் முதல் ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல நிற அரை வெளிச்சம் இருக்கும், அவ்வளவே. இருட்டு அதிகம் என்றால் ஒளியும் அதிகம் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஒளி உச்சம் பெறுவது பெரும்பாலும் இரவு 9 முதல் 1 மணிக்குள். பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடுவதால் பெரிய லாபம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு கூட்டமும் விலையும் தனி. பகலில் செய்ய ஏதும் இல்லாமல் பிள்ளைகள் அறைக்குள்ளேயே முடங்கிப் போவார்கள்.

பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் எங்கள் முதல் தேர்வு. பகல் நீண்டிருக்கும், பனி கெட்டியாக இருக்கும், நாய் வண்டி, பனிச்சறுக்கு எல்லாம் நடக்கும், இரவும் போதுமான அளவு இருட்டாக இருக்கும். சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில், அதாவது மார்ச், செப்டம்பரில், பூமியின் காந்தப்புலமும் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்கள்) காந்தப்புலமும் எளிதாக இணையும் கோணத்தில் இருப்பதால் ஒளிக்கும் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு.

குளிரைத் தாங்க முடியாதவர்களுக்குச் செப்டம்பர். பனி இருக்காது, ஏரி உறைந்திருக்காது, ஒளி தண்ணீரில் பிரதிபலிக்கும், இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும். ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் போதும். ஏப்ரல் பாதிக்கு மேல் இரவு வெளுக்கத் தொடங்கிவிடும். மே முதல் ஆகஸ்ட் பாதி வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எத்தனை இரவு தங்கினால் நிச்சயம் பார்க்கலாம்? கைபேசிச் செயலியில் கே.பி. எண் 2 என்றுதான் காட்டுகிறது. 5 வரும்வரை காத்திருக்க வேண்டுமா? – மதுரை வாசகர்

முதலில் கே.பி. எண். இது உலகம் முழுவதும் உள்ள காந்தமானி நிலையங்களின் அளவீடுகளை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சராசரியாக்கி 0 முதல் 9 வரை தரும் எண். ஒளி வளையம் தெற்கே எவ்வளவு தூரம் இறங்கும் என்று லண்டனில் இருப்பவருக்கு அது சொல்லும். அபிஸ்கோ வளையத்துக்குள்ளேயே இருக்கிறது, அங்கே கே.பி. 1, 2 என்றாலும் நல்ல ஒளி வரும். 5 வரவில்லை என்று போர்த்திக்கொண்டு தூங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

அதற்குப் பதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மேக முன்னறிவிப்பு. நார்வேயின் ‘ஒய்.ஆர்.’ சேவையும் ஸ்வீடன் வானிலைத் துறையின் சேவையும் இலவசம். மேகம் தாழ்வானதா உயரமானதா என்று பிரித்துப் பாருங்கள். மெல்லிய உயர மேகம் இருந்தால்கூட நல்ல ஒளி ஊடுருவித் தெரியும். இரண்டு, சூரியக் காற்றின் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்று காட்டும் ‘பி-இசட்’ அளவு. இது கழித்தல் குறியுடன், –5 அளவில் அரை மணி நேரம் நீடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள விண்கலம் இதை அளக்கிறது. வினாடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமியை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நம்பகமான முன்னறிவிப்பு. மூன்று, கிருனா நகரில் உள்ள ஸ்வீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனத்தின் காந்தமானிக் கோடு. அது திடீரென்று சரிந்தால் தலைக்கு மேலேயே நடக்கிறது என்று பொருள்.

எத்தனை இரவு என்றால், குறைந்தது நான்கு. ஓர் இரவு வானம் தெளிந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்று இரவில் ஒருமுறையாவது தெளிய 88 சதவீதம், நான்கு இரவில் 94. காகிதக் கணக்கு இது. மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிடும் என்பதால் உண்மையான வாய்ப்பு இதைவிடக் குறைவு. விலை உயர்ந்த ஓர் இரவுச் சுற்றுலாவில் போடும் பணத்தை இன்னும் ஓர் இரவு தங்கப் போடுங்கள். நுவோல்யா மலையில் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் அரோரா ஸ்கை ஸ்டேஷன் என்ற பார்வை மையத்துக்கும் இதே பதில்தான். இடம் அழகு. ஆனால் தொங்கும் இருக்கையில்தான் மேலே போக வேண்டும். பலமாகக் காற்று வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள். கீழே ஏரிக்கரையில் தெரியாத ஒளி பெரும்பாலும் மேலேயும் தெரியப் போவதில்லை.

படங்களில் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. நேரில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும் என்கிறார்களே? – நாகர்கோவில் வாசகி

இரண்டும் உண்மை. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆகவே பலவீனமான ஒளி வெளிறிய மேகப் பட்டையாகத்தான் தெரியும். கேமரா பல வினாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதால் அதைப் பச்சையாகக் காட்டும். ஒளி வலுத்ததும் கண்ணுக்கும் பச்சை தெரியும். மிக வேகமாக ஆடும்போது கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தெரியும். பச்சையும் உயரத்தில் வரும் சிவப்பும் ஆக்சிஜன் தருவது, கீழ் ஓரச் சிவப்பு நைட்ரஜன் தருவது.

மேகமா ஒளியா என்று சந்தேகம் வந்தால்: அதன் ஊடாக நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் ஒளிதான். சந்தேகம் தீரவில்லை என்றால் கைபேசியில் மூன்று வினாடிப் படம் ஒன்று எடுங்கள். பச்சை விழுந்தால் ஒளி. முதலில் வடக்கே ஏரிக்கு அக்கரையில் தாழ்வாக ஒரு வில் தோன்றும். பல நேரம் ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கும். பிறகு பளிச்சிட்டு, நெளிந்து, உடைந்து தலைக்கு மேல் வரும். உச்சக் கூத்து பத்து இருபது நிமிடம்தான். அது ஓய்ந்தபின் பலரும் அறைக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரண்டாவது ஆட்டம் வருவதும் சாதாரணம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். அதற்குள் ஒருமுறை கைபேசித் திரையை முழு வெளிச்சத்தில் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நெற்றி விளக்கு வாங்கினால் சிவப்பு வெளிச்சம் உள்ளதாக வாங்குங்கள்.

குளிருக்கு என்ன உடை? சென்னையிலேயே வாங்கிவிடலாமா? – தாம்பரம் வாசகர்

ஜனவரி, பிப்ரவரியில் –10 சாதாரணம், –25, –30 வரை போகும். –20 குளிரில் மணிக்கு 36 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது –33 போல உறைக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் நடக்கப் போவதில்லை, நிற்கப் போகிறீர்கள். உடல் சூடு தராமல் இரண்டு மணி நேரம் நிற்பதற்கான உடை வேறு.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. பருத்தி கூடாது. நம் கடைகளில் ‘தெர்மல்’ என்று விற்பதில் பாதி பருத்தி கலந்தது, லேபிளைப் படித்து வாங்குங்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும் என்பதால் பருத்தி பனியன், ஜீன்ஸ், பருத்திச் சாக்ஸ் மூன்றும் குளிரில் துரோகிகள். அதன் மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத உறை. இந்த வெளி உடையையும் பனிக்காலணியையும் வாங்கவே வேண்டாம். அபிஸ்கோவில் வாடகைக்குக் கிடைக்கும், சுற்றுலா நடத்துபவர்கள் பலர் கட்டணத்திலேயே தருவார்கள்.

காலணியில்தான் பலரும் தோற்கிறார்கள். ஒரு அளவு பெரிதாக எடுங்கள். இரண்டு மூன்று சாக்ஸ் போட்டுக் காலணி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் இன்னும் சீக்கிரம் உறையும். நிற்கும் இடத்தில் ஒரு துண்டு நுரைப் பாயைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் சூட்டைக் குடிப்பது காற்று மட்டுமல்ல, தரையும்தான். கையில் வைக்கும் சூட்டுப் பைகள் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்வதால் சூடாகின்றன. உறையைப் பிரித்துப் பத்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பைக்குள் போடுங்கள். இறுகிய காலணிக்குள் காற்று இல்லாமல் அவை அணைந்துவிடும். கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன் மேல் விரல் பிரியாத தடித்த உறை ஒன்று. கண்ணாடி போடுபவர்கள் மூக்கை மூடினால் மூச்சு மேலே ஏறி வில்லையில் உறைந்துவிடும், துணியை மூக்குக்குக் கீழே நிறுத்துங்கள்.

மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்து மரத்தால் உடனே உள்ளங்கையால் பொத்தி உள்ளே போங்கள். பனியை வைத்துத் தேய்க்கும் பழைய வைத்தியம் தோலைக் கிழிக்கும்.

விசா, பயண வழி? – சேலம் வாசகி

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் என்பது விதி, 45 நாள் வரை இழுக்கலாம் என்பதும் விதி. பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வாங்கியதாகவும், நீங்கள் திரும்பிய பிறகு இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களுடனும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பம். அபிஸ்கோவில் மூன்று இரவு, நார்வேயில் ஐந்து இரவு என்று போட்டுவிட்டு ஸ்வீடனிடம் விண்ணப்பித்தால் சிக்கல்.

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்று அல்லது பிராங்க்பர்ட் வழியாக ஸ்டாக்ஹோம். அங்கிருந்து கிருனாவுக்கு ஒன்றரை மணி நேர விமானம், பிறகு சுமார் 95 கி.மீ. பஸ் அல்லது முன்பதிவு வண்டி. இல்லையென்றால் ஸ்டாக்ஹோமிலிருந்து நார்விக் போகும் இரவு ரயில் அபிஸ்கோவிலேயே நிற்கும். படுக்கை உண்டு, பதினேழு பதினெட்டு மணி நேரம் ஆகும். இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன: கிராமத்துக்கு அபிஸ்கோ ஓஸ்த்ரா, தேசியப் பூங்கா வாசலில் உள்ள விடுதிக்கு அபிஸ்கோ தூரிஸ்ட்ஸ்டேஷன். மாறி இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய 2 கி.மீ. பனியில் நடக்க வேண்டும்.

அந்த ரயில் பாதை இரும்புத்தாது ஏற்றிப்போகும் ஒற்றைத் தடம். 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் தாது ரயில்கள் தடம் புரண்டு, அந்தப் பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. திரும்பும் வழியில் ஸ்டாக்ஹோமில் ஓர் இரவு இடைவெளி விடாமல் சர்வதேச விமானச் சீட்டு போடாதீர்கள். கிருனாவில் இறங்குபவர்களுக்கு இன்னொன்று: சுரங்கத்துக்காக அந்த ஊரையே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் 672 டன் மரத் தேவாலயத்தையே சக்கரத்தில் வைத்து 5 கி.மீ. நகர்த்தினார்கள். பழைய வரைபடத்தை நம்பி விடுதியோ ரயில் நிலையமோ தேடினால் அலைய வேண்டியிருக்கும்.

வாடகைக் கார் எடுக்கலாமா? – பெங்களூரு வாசகர்

பனிச்சாலையில் ஓட்டிய பழக்கம் இல்லாவிட்டால் வேண்டாம். ஈ10 நெடுஞ்சாலையில் கலைமான்கள் குறுக்கே வரும், புயலில் எல்லைப் பகுதி மூடப்படும் அல்லது பனிநீக்கும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். ஒளியைக் கண்டதும் நடுச்சாலையில் நிறுத்திப் படம் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

நாங்கள் சுத்த சைவம். பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா? – கும்பகோணம் வாசகி

பருப்புப் பொடி, ஊறுகாய், ரவை, அவல், அப்பளம் போகலாம். நெய், பனீர், பால் பவுடர் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பாலும் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. குழந்தைகளுக்கான பால் மாவுக்கு மட்டும் வரம்புடன் விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துவைக்காதீர்கள், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். காயவைத்துப் பொடியில் சேர்த்துவிடுங்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் சான்றிதழ் தேவையில்லை.

பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பதிவு செய்யுங்கள். அபிஸ்கோவில் இருப்பது சின்னப் பலசரக்குக் கடை, விலையும் கூடுதல். அரிசி, காய்கறி, தயிரைக் கிருனாவிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ரொக்கத்துக்கு மதிப்பில்லை, அட்டை இல்லாமல் ஒரு காபிகூட வாங்குவது கஷ்டம்.

அப்பாவுக்கு வயது 68, இன்சுலின் போடுகிறார். அழைத்துப்போகலாமா? – ஈரோடு வாசகி

அவருடைய மருத்துவர் சரி என்றால் போகலாம், ஆனால் செப்டம்பரில். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

குளிர்காலத்தில்தான் முடியும் என்றால்: இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகியபின் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையிலும் வெளியே போகும்போது உள்சட்டைப் பையிலும் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது அல்லது தவறாகக் காட்டும். அறைக்குள் வந்து பாருங்கள். நடுக்கம், தடுமாற்றம், குழறல் ஆகியவை குளிரின் அறிகுறியும்தான், சர்க்கரை இறங்கியதன் அறிகுறியும்தான். குளிர் என்று விட்டுவிடாமல் உடனே இனிப்பு கொடுத்து உள்ளே அழைத்துப்போங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு விரல் உறைவதும் தெரியாது, சூட்டுப் பை சுடுவதும் தெரியாது. மணிக்கு ஒருமுறை கண்ணால் பாருங்கள். சூட்டுப் பையைக் காலில் வைக்கவே வேண்டாம்.

ஊரில் மருந்துக்கடை இல்லை, மருத்துவமனை கிருனாவில். மருந்தை இரு மடங்காக, ஆங்கிலச் சீட்டோடு எடுத்துப்போங்கள். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடமுண்டா என்று பாருங்கள். அவசர எண் 112. வழுக்கி விழுவதுதான் அங்கே அதிகம் நடக்கும் விபத்து. காலணியில் மாட்டும் முள் பட்டையைக் கிருனாவில் இறங்கியதும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

கேமரா அமைப்பைச் சொல்லுங்கள். கைபேசி போதுமா? – புதுச்சேரி வாசகர்

புதிய கைபேசி, இரவு முறை, முக்காலி – இந்த மூன்றும் இருந்தால் போதும். கையில் பிடித்தால் மூன்று வினாடி, முக்காலியில் வைத்தால் பத்து வினாடிக்கு மேலும் திறந்திருக்கும்.

கேமரா என்றால்: 14 முதல் 24 மி.மீ. அகல வில்லை, துளை எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200. அசையாத ஒளி வில்லுக்கு 8 முதல் 15 வினாடி. ஆடத் தொடங்கியதும் 2 வினாடிக்கு இறங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒளித் திரையின் மடிப்பெல்லாம் கலங்கி வெறும் பச்சைக் குழம்பாக விழும். தானியங்கிக் குவியத்தை அணைத்து, ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் புள்ளியாகும்வரை திருப்பி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வில்லைக்கு முன்னால் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். துருவ ஒளியின் பச்சை ஒரே அலைநீளம் கொண்டது என்பதால் அந்தத் தட்டைக் கண்ணாடிக்குள் எதிரொளித்து, படத்தின் நடுவில் வட்ட வட்டமாகக் கோடு விழும். இதை அறைக்கு வந்து கணினியில் பார்க்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

பேட்டரி இரண்டு மூன்று வேண்டும், உதிரி எப்போதும் உடலோடு ஒட்டி. ‘தீர்ந்தது’ என்று காட்டியதைச் சூடாக்கினால் மறுபடி கொஞ்சம் ஓடும். திரும்பும்போது வெளியிலேயே நினைவக அட்டையையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மூடி உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் அறையின் ஈரம் முழுக்க வில்லைக்கு உள்ளே படியும்.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். எங்களுக்கும் அபிஸ்கோதானா? – யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய வாசகர்

தேவையே இல்லை. கனடாவின் வடமேற்கில் உள்ள யெல்லோநைஃப் போங்கள். ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது, கடலுக்கு வெகு உள்ளே, சமதரை, பனிக்காலக் கடைசியில் வானம் தெளிவு. ஆனால் அபிஸ்கோவைவிடக் குளிர் கடுமை. ஜனவரிச் சராசரியே –25ஐ ஒட்டி.

சூரியனின் உச்ச காலம் முடிந்துவிட்டதாமே. இனி பத்து ஆண்டு காத்திருக்க வேண்டுமா? – வேலூர் மாணவர்

சூரியன், அதன் செயல்பாடு ஏறி இறங்கும் சுழற்சியின் உச்சக் கட்டத்தில் இருப்பதாக நாசாவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. அதே ஆண்டு மே மாதச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அப்படி இந்தியாவிலிருந்து பார்க்கத்தான் உச்ச காலம் வேண்டும். வளையத்துக்குக் கீழே இருக்கும் ஊருக்கு வித்தியாசம் குறைவு. உச்சம் இறங்கும் ஆண்டுகளில் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் உள்ள ஓட்டைகளிலிருந்து வேகக் காற்று கிளம்பி, சூரியன் ஒரு சுற்றுச் சுற்றும் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நல்ல ஒளி வந்த தேதியோடு 27 நாளைக் கூட்டிப் பாருங்கள். அந்த இரவுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு.

உறைந்த ஏரி மேல் நடந்து போய்ப் பார்க்கலாமா? – தஞ்சாவூர் வாசகர்

விடுதியில் கேட்காமல் இறங்காதீர்கள். தோர்னெத்ரெஸ்க் 168 மீட்டர் ஆழம், சீக்கிரம் உறையாது. டிசம்பரில் பல இடம் திறந்தே கிடக்கும். மார்ச்சில் பனிவண்டியே ஓடும், ஆனால் அபிஸ்கோ ஆறு வந்து கலக்கும் முகத்தில் நீரோட்டத்தால் பனிக்கட்டி அப்போதும் மெலிந்திருக்கும். பனிவண்டித் தடத்துக்குக் குச்சி நட்டிருப்பார்கள், அதை விட்டு விலகாதீர்கள். நடுத் தடத்தில் முக்காலியை விரித்து நிற்கவும் வேண்டாம், இருட்டில் வண்டிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.